துப்பாக்கிப் பிடியும் ஆளிவிதை எண்ணெயும்

கைத்துப்பாக்கியில் கை படும் மரம் மிகச் சிறியது. உள்ளங்கைக்குள் அடங்கும் இரண்டு பட்டைகள், அல்லது பழைய ரிவால்வர்களில் நடுவே பள்ளம் தோண்டிய ஒற்றைக் கட்டை, அவ்வளவுதான். ஆனால் அதற்கு வரும் தொல்லைகள் மேசைக்கும் கதவுக்கும் வருவதில்லை. வியர்வையின் உப்பு, இரும்புக்குப் போடும் எண்ணெய், வெடிமருந்தின் கரி, அந்தக் கரியைக் கழுவும் கரைப்பான், தோலுறையின் உராய்வு எல்லாம் அதன் மேல்தான் விழுகின்றன. சுடும்போது எழும் உதைப்பையும் அதுவே கைக்குக் கடத்துகிறது. இந்த மரத்துக்கு எதைப் பூசுவது என்ற கேள்விக்கு ஐரோப்பிய, அமெரிக்கப் பட்டறைகள் எண்ணெய், வார்னிஷ், அரக்கு, மெழுகு என்று பல விடைகளைச் செய்து பார்த்தன. ஈரத்தைத் தடுப்பதில் இவற்றுள் மிகப் பலவீனமானவற்றில் ஒன்று ஆளிவிதை எண்ணெய். நெடுங்காலம் நிலைத்ததும் அதுதான். அதற்கான காரணத்தில் பாதி வேதியியல். மறுபாதி பட்டறைக் கணக்கும் படைக் கணக்கும்.

ஐரோப்பாவில் துப்பாக்கிக்கு என்று நிலைபெற்ற மரம் வால்நட்; வட இந்தியாவில் அக்ரூட் எனப்படுவது. பாரசீகம் முதல் பிரான்ஸ் வரை வளர்ந்த இந்த மரம் கனத்துக்கு மீறிய உறுதி உடையது, உதைப்புக்கு எளிதில் பிளக்காது, நன்றாகக் காய்ந்த பிறகு அதிகம் கோணாது. உளி வைத்த இடத்தில் ஓரம் பிசிறாமல் வெட்டுப்படும். அமெரிக்காவில் அதன் உறவான கருவால்நட் அதே வேலைக்கு வந்தது. அது சற்றே சொரசொரப்பானது, நிறம் கறுத்தது. இரண்டுக்குமே நுண்துளைகள் திறந்தவை. வெறும் மரமாக விட்டால் கையின் அழுக்கும் இரும்பின் எண்ணெயும் அந்தத் துளைகளில் இறங்கிக் கறுப்பேறிவிடும். ஆகவே துளைகளை வேறு எதைக் கொண்டாவது முன்கூட்டியே நிரப்பிவிட வேண்டும். மரத்துக்கு மேற்பூச்சு தேவைப்பட்டதற்கு முதற்காரணம் அழகல்ல, இந்த நிரப்பும் வேலை.

அதற்குக் கிடைத்த மலிவான சரக்கு ஆளிவிதை எண்ணெய். சணல் போன்ற நாருக்காக ஐரோப்பா முழுவதும் பயிரான ஆளிச்செடியின் விதையில் ஆட்டியது. நம் ஊர்ப் பெயின்ட் கடைகளில் இன்றும் லின்சீட் ஆயில் என்று கேட்டால் கிடைப்பதும் இதுவே. தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ மரத்தில் தடவினால் காலமெல்லாம் பிசுக்காகவே இருக்கும், பிறகு சிக்கு வாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெய் அப்படியில்லை. அதன் கொழுப்பில் ஏறத்தாழ பாதி லினோலெனிக் அமிலம். அதிலுள்ள இரட்டைப் பிணைப்புகள் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று கோத்து வலையாகின்றன. ஈரத்துணி உலர்வதில் நீர் வெளியேறுகிறது; இந்த எண்ணெய் உலர்வதிலோ ஆக்சிஜன் உள்ளே வருகிறது. காயக் காய எடை கூடும் பொருள் இது. பெயின்ட் டப்பாவில் படிந்த இந்த ஆடையைப் பார்த்துத்தான் பிரெடரிக் வால்டன் என்ற ஆங்கிலேயர் 1860களில் லினோலியம் தரைவிரிப்பை உருவாக்கினார்.

குறை ஒன்று உண்டு: காய்ச்சாத பச்சை எண்ணெய் உலரப் பல நாள் ஆகும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கைவினை நூல் எழுதிய தியோஃபிலஸ் என்ற துறவியே, ஒரு பூச்சு காயக் காத்திருப்பது அலுப்பூட்டும் வேலை என்று ஓவியர்கள் சார்பில் சலித்துக்கொண்டார். தீர்வாக வந்தது காய்ச்சிய எண்ணெய். எண்ணெயைச் சூடாக்கி அதில் ஈய ஆக்சைடைக் கலந்தால் உலரும் வேகம் பல மடங்கு கூடியது. ஈயம் நஞ்சு என்பதால் பின்னாளில் கோபால்ட், மாங்கனீசு உப்புகள் அந்த இடத்தைப் பிடித்தன. இன்று காய்ச்சிய எண்ணெய் என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி காய்ச்சப்படுவதே இல்லை. பச்சை எண்ணெயில் உலர்த்தி உப்புகள் கலந்ததுதான்.

இந்த எண்ணெயை ஒரு கலையாக்கியவர்கள் லண்டன் துப்பாக்கித் தச்சர்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜோசஃப் மேன்டன் பட்டறையிலிருந்து இருவர் போருக்கான இரட்டைப் பிஸ்டல்கள் வந்தன. அங்கே வேலை பார்த்த ஜேம்ஸ் பர்டி 1814இல் தனிக் கடை வைத்தார். இத்தகைய கடைகளில் மரத்தைச் செதுக்குபவர், அதற்கு மெருகு ஏற்றுபவர், இரும்பைப் பொருத்துபவர் என வேலை பிரிந்திருந்தது. மெருகுக்காரரின் கலவை கடைக்குக் கடை ரகசியம். ஆனால் அடிப்படைச் சரக்குகள் அனைவரும் அறிந்தவையே: காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய், கொஞ்சம் டர்பன்டைன், உலர்த்தி, சில கலவைகளில் தேன்மெழுகு அல்லது கார்னாபா மெழுகு. அதோடு நிறத்துக்காக அல்கானெட் என்ற செடியின் வேர். அதை எண்ணெயில் ஊறப்போட்டால் ஆழ்ந்த சிவப்பு இறங்கும். வெளிறிய வால்நட்டுக்கு அது ஒரு செம்பொன் சாயல் தரும். காஷ்மீர்ச் சமையலில் ரோகன் ஜோஷுக்கு நிறம் கொடுக்கும் ரத்தன்ஜோத் வேர் இதன் நெருங்கிய உறவு.

வேலை முறை பொறுமையைச் சோதிப்பது. முதலில் மரத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் நனைத்து, அனலில் காட்டி உலர்த்துவார்கள். அமுங்கிக் கிடந்த நார்கள் மயிர்க்கால்களாக எழுந்து நிற்கும். அவற்றை மறுபடி தேய்த்து எடுப்பார்கள். இனி எழ நார் இல்லை என்று ஆகும்வரை இது திரும்பத் திரும்ப நடக்கும். இதைச் செய்யாமல் எண்ணெய் ஏற்றிய பிடி, முதல் மழையில் நனைந்ததும் சொரசொரத்துவிடும். பிறகு எண்ணெய். சில துளிகளை உள்ளங்கையில் எடுத்து, கை சூடேறும்வரை அழுத்தித் தேய்ப்பார்கள். அந்தச் சூடு எண்ணெயை இளக்கித் துளைகளுக்குள் இறக்கும். மிச்சம் மேலே தங்காமல் துடைத்துவிட வேண்டும். தங்கினால் அது பிசினாகக் காய்ந்து தூசியைப் பிடிக்கும். புதிதாக ஏற்றுபவர்கள் கெடுப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எண்ணெயோடு மிக நுண்ணிய கல்தூளையும் சேர்த்துத் தேய்ப்பதுண்டு; அந்தச் சேறு துளைகளை அடைத்துக்கொண்டு இறுகும். இப்படி மெல்லிய பூச்சுகள் வாரக்கணக்கில் ஏறும். முதல் வாரம் நாளுக்கு ஒருமுறை, முதல் மாதம் வாரத்துக்கு ஒருமுறை, முதல் ஆண்டு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆயுள் முழுக்க ஆண்டுக்கு ஒருமுறை என்று ஒரு பழைய வாய்ப்பாடே உண்டு. அதை முழுதும் கடைப்பிடித்தவர் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

பிடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறி, சிறு வைரக் கட்டங்களாகச் செதுக்கும் வழக்கமும் இதே காலத்தில் பரவியது. வழுக்காமல் பிடிக்க இது உதவும், ஆனால் மெருகுக்காரருக்கு இது தொல்லை. கட்டங்களின் பள்ளத்தில் எண்ணெய் தேங்கிக் காய்ந்தால் கூர் மழுங்கும். ஆகவே மற்ற இடமெல்லாம் மெருகு முடிந்த பின்னரே கீறுவார்கள். கீறிய இடத்துக்குச் சிறு தூரிகையால் ஒரே ஒரு மெல்லிய பூச்சு, அதோடு சரி.

அமெரிக்காவில் சாமுவேல் கோல்ட்டின் தொழிற்சாலை இந்தக் கைவேலையைத் தலைகீழாக்கியது. 1851 நேவி ரிவால்வரின் பிடி ஒற்றை வால்நட் கட்டை. முன்னும் பின்னும் உலோகப் பட்டைகளுக்கு நடுவே அது இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். மரமும் உலோகமும் சேரும் கோட்டில் விரல் நகம் தட்டக்கூடாது. ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்யும் ஆலையில் வாரக்கணக்கில் உள்ளங்கையால் தேய்க்க யாருக்கும் நேரமில்லை. கடையில் விற்பனைக்குப் போகும் துப்பாக்கிகளுக்கு வார்னிஷ் அடித்தார்கள். அது வேகமாகக் காயும். கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளக்கும். வாங்க வருபவர் கண்ணைப் பிடிக்கும். ஆனால் அரசுப் படைக்குப் போகும் அதே மாடல் பிடிகளுக்கு எண்ணெய் மெருகுதான். அந்த எண்ணெய் மரத்தில் ராணுவ ஆய்வாளர் தம் பெயரின் முதலெழுத்துகளை முத்திரையாக அழுத்துவார். 1873இல் அமெரிக்க ராணுவம் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வருக்குக் கொடுத்த முதல் ஒப்பந்தம் 8,000 துப்பாக்கிகளுக்கானது; அவற்றை ஆய்ந்த ஆர்வில் எய்ன்ஸ்வொர்த்தின் முத்திரை இன்று சேகரிப்பாளர்கள் பூதக்கண்ணாடி வைத்துத் தேடும் அடையாளம்.

ஒரே ஆலை, ஒரே மரம், இரண்டு மெருகு. இதன் காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. வார்னிஷ் மரத்தின் மேல் தனிப்படலமாக நிற்பது. குதிரைச் சேணத்தில் உரசி ஓரிடத்தில் பெயர்ந்தால், அங்கே நீர் புகுந்து சுற்றிலும் உரியத் தொடங்கும். சரிசெய்ய முழுப் படலத்தையும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும். எண்ணெய் மரத்துக்குள் இருப்பது. தேய்ந்த இடத்தில் இன்னும் இரண்டு துளி தடவினால் போதும். பழையதும் புதியதும் ஒன்றாகிவிடும். அதற்கு மெருகுக்காரர் வேண்டாம், பாசறையில் இருக்கும் எந்தச் சிப்பாயும் செய்யலாம். வெயிலில் மின்னி இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்காது என்பது கூடுதல் லாபம். அரக்குப் பூச்சுக்கும் இதே தராசில் இடமில்லாமல் போனது. இந்தியாவிலிருந்து போன அரக்கில் செய்த பிரெஞ்ச் பாலிஷ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய மேசை நாற்காலிகளை ஆண்டது. ஆனால் சாராயம் பட்டால் கரைவதும், நீர் நின்றால் வெளுப்பதும், காரம் பட்டால் இளகுவதும் அதன் குணம். படைவீரன் கையில் இவை மூன்றும் படாத நாள் ஏது?

படைகள் எண்ணெயை ஒரு ஒழுங்காகவே ஆக்கின. பிரிட்டிஷ் படையில் லீ என்ஃபீல்டு ரைஃபிளின் கட்டைக்குப் பச்சை ஆளிவிதை எண்ணெய் தேய்ப்பது சிப்பாயின் வழக்கமான கடமை. அமெரிக்காவின் எம்1 ரைஃபிளுக்கான கையேடும் மரப்பகுதிக்கு அதே பச்சை எண்ணெயைத்தான் சொன்னது. மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டு அரசு ஆயுதச் சாலை 1794 முதல் 1968 வரை இயங்கியது. தாமஸ் பிளான்சார்டு 1820களில் அங்கே நிறுவிய கடைசல் இயந்திரம் கட்டையின் கோணல்மாணலான வடிவத்தை ஒரு மாதிரியைப் பார்த்துத் தானே கடைந்தது. வடிவம் இயந்திரத்துக்குப் போனபோது மெருகும் கையை விட்டுப் போனது. கடைந்த கட்டைகளை எண்ணெய்த் தொட்டியில் முக்கி எடுத்து வடியவிடுவது ஆலை முறையாயிற்று. லண்டன் மெருகுக்காரர் இதைப் பார்த்தால் முகம் சுளித்திருப்பார். ஆயினும் பல்லாயிரம் கட்டைகளுக்கு ஒரே தரம் கிடைத்தது.

மரமே தட்டுப்பாடான காலமும் வந்தது. முதல் உலகப் போரில் துப்பாக்கிக் கட்டைக்கும் விமானச் சுழலிக்கும் வால்நட் போதவில்லை. 1918இல் அதிபர் வில்சனின் வேண்டுகோளை ஏற்று அமெரிக்கச் சாரணச் சிறுவர்கள் ஊர் ஊராகப் போய் நின்ற வால்நட் மரங்களைக் கணக்கெடுத்தார்கள். அவர்கள் கண்டுபிடித்துச் சொன்ன மரம் 2 கோடி பலகை அடிக்கு மேல். ஆஸ்திரேலியாவின் லித்கோ துப்பாக்கி ஆலை வால்நட்டை விட்டு உள்ளூர்க் குயின்ஸ்லாந்து மேப்பிளுக்குப் போனது.

எண்ணெயிலும் மாற்று தேடினார்கள். சீனாவில் டங் மரத்தின் கொட்டையில் எடுக்கும் எண்ணெய் படகுக்கும் குடைக்கும் மரச்சாமானுக்கும் நெடுங்காலமாகப் பயன்பட்டது. அதன் கொழுப்பில் பெரும்பகுதி எலியோஸ்டியரிக் அமிலம். இரட்டைப் பிணைப்புகள் அடுத்தடுத்து அமைந்தது அதன் சிறப்பு. ஆளிவிதை எண்ணெயை விட விரைவாகவும் கெட்டியாகவும் காயும், நீரை மேலாகத் தாங்கும், நாளாவட்டத்தில் அவ்வளவு மஞ்சளிக்காது. இதை விளைவிக்க அமெரிக்கா ஆசைப்பட்டது. சீனாவின் ஹான்கோவிலிருந்த அமெரிக்கத் துணைத்தூதர் வில்காக்ஸ் 1905 வாக்கில் அனுப்பிய விதைகள் கலிபோர்னியாவின் சிகோவில் முளைத்தன. நாற்றுகள் தென் மாநிலங்களுக்குப் போயின. புளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லில் 1928இல் முதல் ஆட்டாலை வந்தது. 1938 டிசம்பரில், ஜப்பானோடு போரிட்ட சீனாவுக்கு அமெரிக்கா கொடுத்த 2.5 கோடி டாலர் கடனுக்கு ஈடாக வைக்கப்பட்டதே இந்த எண்ணெய்தான். ஒரு மரமெருகு நாடுகளின் கடன்பத்திரத்தில் ஏறியது அந்த ஒரு தடவையாகத்தான் இருக்கும். போர் ஆண்டுகளில் அமெரிக்க ராணுவத்தின் மரக்கட்டைகளுக்கு டங் எண்ணெயும் வந்து சேர்ந்தது. ஆனால் தென் மாநிலத் தோப்புகள் நிலைக்கவில்லை. பூக்கும் பருவத்தில் விழும் உறைபனி அவற்றை அடிக்கடி அழித்தது. 1969இல் மிசிசிப்பியைத் தாக்கிய கமீல் புயல் மிச்சத்தையும் சாய்த்தது.

கைத்துப்பாக்கியில் இதற்குள் மரமே பின்வாங்கத் தொடங்கியிருந்தது. 1880களின் தொடக்கத்திலேயே கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷனுக்குக் கெட்டி ரப்பர் பிடிகள் வந்துவிட்டன. அச்சில் வார்த்தால் போதும், மெருகுச் செலவு இல்லை. பிரிட்டனின் வெப்லி ரிவால்வரும் வல்கனைட் என்ற கெட்டி ரப்பருக்குப் போனது. 1911இல் ஏற்கப்பட்ட கோல்ட் பிஸ்டல் வால்நட்டுக்கே திரும்பியது. அதன் பட்டைகளில் திருகுத் துளைகளைச் சுற்றி வைர வடிவில் கீறாத வெற்றிடம் இருக்கும். ஆனால் இரண்டாம் உலகப் போரில் அதற்கும் பழுப்புப் பிளாஸ்டிக்தான். ஜெர்மனியின் லூகரிலும் வால்நட் பட்டைகளின் இடத்தில் போர்க்காலத்தில் கறுப்பு பேக்கலைட் வந்தது. 1982இல் ஆஸ்திரியப் படை ஏற்ற கிளாக் பிஸ்டலில் பிடிக்குத் தனிப்பட்டையே இல்லை. சட்டமும் பிடியும் ஒரே பிளாஸ்டிக் வார்ப்பு.

படையும் ஆலையும் கைவிட்ட எண்ணெயைப் பிடித்துக்கொண்டவர்கள் தனிப் பட்டறைக்காரர்களும் வீட்டில் தாமே பிடி செதுக்குபவர்களும். குறிசுடும் போட்டிக்காரர்களுக்கு ஆலைப் பிடிகள் கைக்குப் பொருந்தவில்லை. 1930களில் வால்டர் ரோப்பர் வடிவமைத்து மேத்யூ காக்னன் செதுக்கிய பிடிகள் அமெரிக்காவில் புகழ் பெற்றன. போருக்குப் பின் ஐடஹோவில் ஸ்டீவ் ஹெரெட்டின் பட்டறை, எல்லைக் காவலர் பில் ஜோர்டனின் வடிவத்தில் பிடி செய்தது. இவர்களைப் பார்த்துச் செதுக்கக் கற்ற ஆயிரக்கணக்கானவர்களுக்காகச் சந்தையும் எண்ணெயைப் புதுப்பித்துக் கொடுத்தது. 1948இல் தொடங்கிய பர்ச்வுட் கேசி நிறுவனத்தின் ட்ரூ ஆயில் அதில் மிகப் பிரபலம். ஆளிவிதை எண்ணெயை முன்கூட்டியே பாதி இறுகவைத்து, மற்ற சரக்குகள் சேர்த்த கலவை அது. சில மணி நேரத்தில் காயும்; மெல்லியதாகத் தேய்த்தால் எண்ணெய் மெருகு, பூச்சு மேல் பூச்சு ஏற்றினால் வார்னிஷ் பளபளப்பு. பெயரில் எண்ணெய் இருந்தாலும் அதன் பாதை பழைய கோல்ட் ஆலையின் வார்னிஷுக்கும் லண்டன் உள்ளங்கைக்கும் நடுவில் போகிறது. குறிசுடுபவர்கள் பலர் எதிர்த்திசையில் போனார்கள்: பிடியைப் புள்ளி புள்ளியாகக் குத்திச் சொரசொரப்பாக்கி, எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத அளவோடு நிறுத்திக்கொண்டார்கள். வியர்த்த கையில் படலம் வழுக்கும்.

புது மரங்களும் புதுச் சிக்கல் கொண்டுவந்தன. கைப்பிடிக்கு வேண்டியது கையளவு மரமே என்பதால் விலை உயர்ந்த கோகோபோலோ, கொன்சாலோ அல்வெஸ், நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி எல்லாம் கட்டுப்படியாகின. ஆனால் ஈட்டியும் கோகோபோலோவும் அடங்கிய டால்பெர்ஜியா பேரினத்தின் வைரத்தில் இயல்பாகவே பிசினும் ஃபீனால்களும் நிறைந்திருக்கின்றன. அவை ஆக்சிஜன் பிணைப்பைத் தடுப்பதால் எண்ணெய் வாரக்கணக்கில் பிசுபிசுப்பாகவே கிடக்கும். இவ்வகை மரத்துக்குச் செதுக்குபவர்கள் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு மெழுகு மட்டும் போடுவதும், வெறும் மரத்தையே தேய்த்துப் பளபளப்பாக்கி விடுவதும் இதனால்தான். 2017 ஜனவரி முதல் டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்ததும் இந்த மரங்களின் புழக்கம் சுருங்கியது.

எண்ணெய் உலர்வது வெப்பத்தை வெளியிடும் வினை என்பதைப் பட்டறைகள் அடிக்கடி மறந்தன. பிடியில் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். எண்ணெய் துடைத்துச் சுருட்டி எறிந்த துணியில் வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போய்த் தீப்பற்றும். 1991 பிப்ரவரியில் பிலடெல்பியாவின் 38 மாடி ஒன் மெரிடியன் பிளாசா எரிந்து மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்ததற்கு மூலம், மரவேலைக்குப் பின் விட்டுவைத்த ஆளிவிதை எண்ணெய்த் துணிகள். துணியை விரித்துக் காயவைப்பது, அல்லது நீரில் மூழ்கவைப்பது என்பது இன்று டப்பாக்களில் அச்சாகும் எச்சரிக்கை.

எண்ணெய் ஈரத்தைத் தடுக்கும் என்ற பழைய நம்பிக்கையையும் ஆய்வுக்கூடம் உடைத்தது. விஸ்கான்சினின் மேடிசனில் 1910 முதல் இயங்கும் அமெரிக்க வனப்பொருள் ஆய்வகம், மரமெருகுகள் காற்றின் ஈரத்தை எவ்வளவு தடுக்கின்றன என்று அளந்து பார்த்தது. ஆளிவிதை எண்ணெயை மூன்று முறை பூசிய மரமும் இரண்டு வாரத்தில் பூசாத மரத்துக்கு ஏறத்தாழச் சமமாகவே ஈரம் இழுத்தது. டங் எண்ணெயும் பெரிதாக மேலில்லை. தெறிக்கும் மழைத்துளியை எண்ணெய் தள்ளிவிடும், காற்றில் மிதக்கும் ஈரத்தை உள்ளே விடும். சிப்பாய்கள் திரும்பத் திரும்பத் தேய்த்தது வீண் என்று இதற்குப் பொருளில்லை. ஈரம் போகவர இருந்தாலும், அழுக்கு ஏறாமல் துளைகளை அடைத்துவைத்ததும், கீறலை அன்றன்றே மூடியதும் அந்தத் தேய்ப்புதான்.

பழைய பிடிகளைக் காக்கும் அருங்காட்சியகங்கள் இப்போது இந்த எண்ணெயைத் தொடுவதில்லை. ஒரு காலத்தில் அவையே ஆளிவிதை எண்ணெய், டர்பன்டைன், வினிகர் மூன்றையும் கலந்து மரப்பொருள்களில் ஆண்டுதோறும் தடவிவந்தன. வலையாக இறுகிய எண்ணெயை எந்த மென்மையான கரைப்பானும் திரும்பக் கழற்றாது. ஆண்டுகள் போகப் போக அது கறுத்து, தூசியோடு சேர்ந்து முத்திரைகளையும் கீறல்களையும் மூடியது. 1950களில் பிரிட்டிஷ் அருங்காட்சியக ஆய்வாளர்கள் உருவாக்கிய ரினைசான்ஸ் மெழுகு அந்த இடத்துக்கு வந்தது. தேவைப்பட்டால் துடைத்து எடுத்துவிடலாம் என்பதே அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம். சேகரிப்பாளர்களிடையேயும் இதே கணக்குதான்: வார்னிஷ் தேய்ந்த கோல்ட் பிடியை யாரோ சுரண்டி எண்ணெய் தேய்த்துப் புதுப்பித்திருந்தால் அதன் விலை இறங்கும், கைபட்டுத் தேய்ந்தபடியே விட்ட பிடிக்கு விலை நிற்கும்.